கழுநீர் வாளி

மாடு மீன் தின்னாது என்பது எனக்கு இருபத்துமூன்று வயதுவரை தெரியாது. சிரிக்க வேண்டாம். நான் பிறந்து வளர்ந்தது முல்லைத்தீவுக் கரையில். அங்கே மாடு என்றால் கட்டாக்காலி மாடுதான். கடதாசி தின்னும், கிழிந்த வலையைச் சப்பும், கருவாடு காயும் பாயை உப்புக்காக நக்கிக்கொண்டு நிற்கும். என் முதல் நன்மைக்கு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, அம்மா தைத்துத் தந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தபோது, ஒரு மாடு வந்து அதன் ஒரு கையைத் தின்றுவிட்டுப் போனது. அப்படிப்பட்ட பிராணி எதைத்தான் வேண்டாம் என்று சொல்லும் என்று நினைத்திருந்தேன். அந்த அறியாமையால் நான் ஒரு வீட்டு அடுப்பை ஐந்து நாள் எரியவிடாமல் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டையால் கரையில் இருக்க முடியாமல் உள்ளுக்கு வந்துவிட்டோம். காட்டோரமாக ஒரு துண்டு நிலம், தென்னோலைக் கிடுகும் தறப்பாளுமாக ஒரு கொட்டில், அதன் பின்பக்கத்தில் சமைக்கச் சாய்த்து இறக்கிய குசினி. நான் கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நான்கு பேர்: மாமா, மாமி, என் கணவர், நான். மாமாவும் கணவரும் வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடலோரக் களப்புக்குத் தொழிலுக்குப் போவார்கள். போனால் அன்றே வருவார்கள் என்றில்லை. பாதை எப்படி இருக்கிறது, வானத்தில் என்ன சத்தம் கேட்கிறது, மீன் படுகிறதா இல்லையா என்பதையெல்லாம் பார்த்துத்தான் திரும்புவார்கள். இரண்டு நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும். வந்தால் மீன் வரும். ஐஸும் இல்லை, தூரத்துக்குக் கொண்டுபோய் விற்க வாகனமும் இல்லை. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்திலும் எங்கள் வீட்டில் மீனுக்கு மட்டும் குறைவிருக்கவில்லை.

மாமிக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொழிலுக்குப் போனவர்களின் பங்கை அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் உலையில் சேர்த்துத்தான் போடுவார். சோறு வெந்ததும் முதலில் அதைத் தனிப் பானையில் எடுத்து, மூடி, மூடிக்கு மேல் விரலால் சிலுவை போட்டு மூலையில் வைப்பார். அந்தப் பானையை வீட்டில் இருக்கும் வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் அவர்கள் வெறுங்கையோடு வருவார்கள். அல்லது வராமலே போவார்கள். இந்த இரண்டாவதை மாமி வாயால் சொன்னதில்லை. கரையில் இருந்தபோது இதனால் ஒரு குறையும் வரவில்லை. விடியப் போனவர்கள் மத்தியானம் வந்து பானையைத் துடைத்து வைத்துவிடுவார்கள். உள்ளுக்கு வந்தபிறகும் பானை மாறவில்லை, அளவும் மாறவில்லை. சாப்பிடத்தான் ஆளில்லை. பங்கு மூலையில் இருந்து புளித்தது. மறுநாள் புதுப்பங்கு வைக்கப் பழையதை வெளியில் கொட்டினோம்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

“மாமி, இண்டைக்கும் வராட்டி இவ்வளவும் பழுதாய்ப் போகுமே. வந்தாப்பிறகு வைச்சுக் குடுத்தா என்ன?”

“பானைக்குள்ள சோறில்லாத வீட்டுக்கு ஆர் பிள்ளை திரும்பி வருவினம்?” என்றார் மாமி.

எல்லாப் பழியையும் மாமியின் தலையில் போடவும் மாட்டேன். களப்பில் நின்றவர்களில் ஒருவர் என் கணவர். பசித்த நேரங்களில்கூட நானும் அந்தப் பானைப் பக்கம் போகமாட்டேன்.

அந்த அரிசியும் சும்மா வந்ததல்ல. நிவாரண அட்டையைக் கொண்டுபோய் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரை நாள் நின்று வாங்கியது. அரிசியும் பருப்பும் மாவும் வந்த சாக்குகளில் வேறு வேறு நாடுகளின் பெயர்கள் இருக்கும். வெறும் சாக்கைப் பிரித்து நிலத்தில் விரித்துப் படுத்தோம். பொழுதுபோகாத மத்தியானங்களில் அந்த எழுத்துகளை விரலால் தடவிக் கூட்டி வாசிப்பேன். நான் பார்க்கப்போகாத ஏதோ ஒரு நாட்டில் யாரோ உழுது விதைத்து, தண்ணீர் கட்டி, அறுத்து, கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அது துறைமுகத்தில் இறங்கி, லொறி ஏறி, வவுனியாவில் நாள் கணக்காகக் கிடந்து, சோதனைச் சாவடியில் கம்பியால் குத்துப்பட்டு, ஒருவழியாக எங்கள் உலைக்கு வந்து சேர்கிறது. அத்தனை தூரம் வந்த சோறு மாமியின் மூலையில் ஒரு இராத்திரி இருந்துவிட்டு வேலிக்கு வெளியே போனது. எழுத்துக் கூட்டிய எனக்கு இந்தக் கணக்கை மட்டும் கூட்டத் தெரியவில்லை.

எங்கள் காணிக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் கொஞ்சத் தூரம் நடந்தால் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருந்தன. தேயிலைத் தோட்டங்களில் கலவர நேரம் அடியும் நெருப்பும் பட்டு இங்கே ஓடிவந்து, காடு வெட்டி, உழுந்தும் கச்சானும் போட்டு வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள். உண்மையில் நாங்கள்தான் அந்த இடத்துக்குப் புதியவர்கள். ஆனாலும் கரையிலிருந்து போன எங்கள் ஆட்கள் அவர்களைப் பற்றிக் கதைக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். அவர்களைக் குறிக்க ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள். அதை நானும் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன்.

அவர்களில் ஒரு அக்கா ஒருநாள் காலையில் எங்கள் வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, எண்ணெய் காணாவிட்டாலும் இறுக்கிக் கட்டிய கொண்டை. அரிசி கழுவும் தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் நிலத்தில் ஊற்றாமல் வைத்தால் தன் மாட்டுக்கு எடுத்துக்கொள்வதாக மாமியிடம் கேட்டார். நான் அப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கதைத்தது முழுவதும் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது.

அன்றிலிருந்து குசினிக்குப் பின்னால் ஒரு வாளி வந்தது. பழைய பெயின்ற் வாளி. கைபிடி உடைந்திருந்ததால் மாமா வலைக்கயிற்றில் ஒரு கைபிடி முறுக்கிக் கட்டினார். அக்கா ஒவ்வொரு நாளும் மத்தியானம் தாண்டி வருவார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய், கழுவி, பின்னேரம் கொண்டுவந்து கவிழ்த்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூசை கண்டு வரும்போது படலையில் ஒரு செம்புப் பால் தொங்கும். சீனி கிடைக்காத காலம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால்தேத்தண்ணீர் குடிப்போம். மாமி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.

வாளி வந்தபிறகு எங்களுக்குள் ஒன்று நடந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. முன்பு சோற்றைக் கொட்டும்போது மனதுக்குள் கொஞ்சம் குத்தும். மாமிகூட “ஆண்டவரே” என்று சொல்லித்தான் கொட்டுவார். இப்போது குத்தவில்லை. “மாட்டுக்குத்தானே” என்றோம். சோறு அடிப்பிடித்தால் மாட்டுக்குத்தானே. பருப்பில் உப்புக் கூடினால் மாட்டுக்குத்தானே. தட்டில் கூடப் போட்டுக்கொண்டு பாதியில் எழும்பினாலும் மாட்டுக்குத்தானே. முன்பு இரண்டாம் முறை சூடாக்கிச் சாப்பிட்டதையெல்லாம் நேரே வாளிக்குள் போட்டோம். குடத்தடிக்குப் போகச் சோம்பல் பட்டு, சாப்பிட்ட கையையும் அதற்குள்ளேயே கழுவினோம். கொடுக்கிறோம் என்ற நினைப்பில் கொட்டினோம். அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு அதிகமாக வீணானது.

ஒரு கட்டத்தில் ஞாயிறு பால் நின்றது. “பால் வத்திப் போச்சுங்கம்மா” என்றார் அக்கா. சரி, மாடு என்றால் பால் வற்றத்தான் செய்யும். அதன்பிறகு அவருடைய வரவில் சில மாற்றங்கள் தெரிந்தன. மத்தியானம் தாண்டி வந்தவர் உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே வந்தார். வாளிக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு போனார். ஒருநாள் தயங்கித் தயங்கி மாமியிடம் சொன்னார்.

“அம்மா, கோச்சுக்காதீங்க. சோத்த ஒரு பக்கமா வச்சு, தண்ணிய வேற சட்டியில ஊத்துனீங்கன்னா நல்லாயிருக்கும். புளிச்சதும் புதுசும் ஒண்ணாக் கெடந்தா மாட்டுக்கு வயிறு ஊதுதுங்க.”

மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். “உன்ர மாட்டுக்கு மேசையும் கதிரையும் போட்டு வைக்கட்டோ பிள்ளை?”

நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தோம் என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நோன்பு நாட்களான தபசுகாலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மாமியும் நானும் ஒருசந்தி பிடித்தோம், ஒரு நேரச் சாப்பாடு மட்டும். ஆனால் தொழிலுக்குப் போனவர்களின் பங்குக்கு ஒருசந்தி கிடையாது. அதனால் நாங்கள் நோன்பிருந்த நாட்களில் வாளி இன்னும் நிரம்பியது. உயிர்த்த ஞாயிறுக்கு முன் கொட்டிலின் நிலத்தைச் சாணி போட்டு மெழுக வேண்டும் என்றார் மாமி.

“உவளின்ர மாட்டுப்பட்டியில கேட்டு ஒரு கடகம் சாணி எடுத்துக்கொண்டு வா பிள்ளை. இவ்வளவு நாளும் அந்த மாட்டுக்குச் சாப்பாடு தீத்தி விட்டனாங்கள், இது கூடத் தரமாட்டாளோ” என்று என்னை அனுப்பினார்.

நான் ஓலைக்கடகத்தோடு போனேன். அக்காவின் வளவைச் சுற்றி இப்பிலி மர வேலி. கூப்பிட வாயெடுத்தபோது பட்டி கண்ணில் பட்டது. கட்டை இருந்தது, கட்டையில் கயிறும் இருந்தது. மாடு இல்லை. மேயப் போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நிலத்தில் ஒரு கைப்பிடிச் சாணியும் இல்லை. காய்ந்த சாணியும் இல்லை, மொய்க்க இலையான் ஒன்றும் இல்லை. பட்டிக்குள் விறகு அடுக்கியிருந்தார்கள், கூரை முட்ட. மாடு இரவில் வந்து நிற்க இடமே இல்லாத பட்டி அது.

அடுப்படியில் அக்காவும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியவளுக்குப் பத்து வயதிருக்கும், சின்னவளுக்கு ஐந்து. எங்கள் பெயின்ற் வாளி அவர்களுக்கு நடுவில் இருந்தது. பெரியவள் ஒரு சேலைத்துண்டை இரண்டு கட்டைகளுக்கு இடையில் கட்டி, வாளியைச் சாய்த்து ஊற்றினாள். தண்ணீர் கீழே வடிந்தது. துணியில் சோறு தங்கியது. அதைச் சட்டியில் போட்டு ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். அலசி, மோந்து பார்த்து, இன்னும் ஒருமுறை அலசினாள். சின்னவள் சோற்றுக்குள் கிடந்த கறிவேப்பிலைக் காம்புகளையும் எங்கள் பல் பட்ட முருங்கைக்காய்ச் சக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள். பிறகு அக்கா அந்தச் சோற்றை உப்புப் போட்டு, முருங்கையிலை உருவிப் போட்டு மறுபடி கொதிக்க வைத்தார்.

நான் சத்தம் போடாமல் திரும்பினேன். பாதையில் நடக்கும்போது ஒரே ஒரு எண்ணம்தான். முந்தாநாள் என் கணவர் சாப்பிட்டுவிட்டு அந்த வாளிக்குள் கை கழுவினார். நான்தான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன்.

“சாணி இல்லையாம் மாமி” என்றேன். அது பொய்யுமில்லை.

பிறகு அங்கங்கே கேட்டு அறிந்துகொண்டேன். அக்காவின் புருஷன் கூலி வேலைக்கு வவுனியாப் பக்கம் போய், பாதை மூடியதால் அங்கேயே நின்றுவிட்டார். சேதியும் இல்லை. மாடு மாரிக்குச் செத்துப்போனது. இடம்பெயராத குடும்பம் என்பதால் நிவாரண அட்டையும் இல்லை. ஓடிவந்த எங்களுக்கு அட்டை இருந்தது, இருந்த இடத்திலேயே ஒன்றுமில்லாமல் போனவர்களுக்கு இல்லை. மாடு செத்ததை அக்கா எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கழுநீர் கேட்டு வர முடியாது. சோறு கேட்டுத்தான் வர வேண்டும். அதை அவர் செய்யமாட்டார்.

நானும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியில் எனக்கு அப்போது அவ்வளவு நம்பிக்கை. மறுநாளிலிருந்து வாளியை நான்தான் பார்த்துக்கொண்டேன். காலையிலேயே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தேன். மூலைப்பானையின் சோற்றைப் புளிக்கும் முன்பே, பயந்து பயந்து, மாமிக்குத் தெரியாமல் எடுத்து, வாளியின் அடியில் தேக்கிலை விரித்துப் போட்டேன். கழுநீரை வேறு சட்டியில் வைத்தேன். யாரும் அதற்குள் கை கழுவாமல் காவலிருந்தேன். “என்ன பிள்ளை, வாளிக்கு அபிஷேகம் நடக்குது” என்று மாமி நக்கலடித்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார். கழுவிக் கவிழ்த்த வாளிக்குப் பக்கத்தில் ஒருநாள் ஒரு பிடி முருங்கையிலை இருந்தது. இப்படியே பத்து நாள் போனது. அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் மூன்று பேர் சுத்தமான சோறு சாப்பிட்டார்கள், ஒருவரும் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதோடு நான் நின்றிருக்க வேண்டும்.

ஒருநாள் விடிய மாமாவும் கணவரும் பெரிய திரளி மீனாகக் கொண்டுவந்தார்கள். மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தேன். மணம் வளவு முழுக்கப் பரவியது. சின்னவள் கறிவேப்பிலைக் காம்பு பொறுக்கியது நினைவுக்கு வந்தது. நாலு துண்டை வாழையிலையில் சுற்றி, வாளியில் சோற்றுக்கு அடியில் வைத்தேன். பெரிய உபகாரம் செய்தவள் மாதிரி அன்று முழுக்கப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

பின்னேரம் அக்கா வந்தார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு முந்தானைக்குள்ளிருந்து அந்த வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் தந்தார்.

“தங்கச்சி,” என்றார் மெதுவாக. “மாடு மீன் திங்காது.”

அக்காவின் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுதாவது இருப்பேன். மாமி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா அவருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னார்.

“அம்மா, மாட்ட வித்துட்டேங்க. நாளையிலருந்து கழுநீர் வேணாம். இத்தன நாளாக் குடுத்ததுக்கு ரொம்பப் புண்ணியம்.”

“வித்துப்போட்டியோ? நல்ல ஆக்களுக்கே குடுத்தனி?” என்று மாமி கேட்டார்.

“நல்ல எடத்துக்குத்தாங்கம்மா போயிருக்கு” என்றார் அக்கா.

இல்லாத மாட்டை விற்றுவிட்டு அவர் பாதையில் போனார். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அது தெரியும். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். மாமி பார்க்கிறாரே என்று நின்றேன். பிறகு குசினிக்குள் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். நாலு துண்டும் அப்படியே இருந்தன. ஒரு துண்டின் ஓரத்தில் மட்டும் நகத்தால் கிள்ளிய அளவு குறைந்திருந்தது. சின்ன நகம்.

அதன்பிறகு வாளியை எடுக்க ஆள் வரவில்லை. நாய்கள் வந்து கிளறியதால் மாமி நிலத்தில் ஒரு கிடங்கு வெட்டச் சொன்னார். பங்குச் சோற்றை அதற்குள் கொட்டி மண் போட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அழுகி மணத்தது. ஐந்தாம் நாள் கிடங்கு பாதிக்கு மேல் நிரம்பி, மண்ணை மீறிக்கொண்டு நுரை தள்ளியது. காற்று மாறும்போது கொட்டிலுக்குள் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் எவ்வளவு வீணாகிறது என்று நாங்கள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடங்கின் ஓரத்தில் நின்றார்.

“உவ்வளவத்தையும் அந்த ஒரு மாடு திண்டிருக்கு. நல்ல மாடு” என்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “மாடு மாரிக்கே செத்துப்போச்சு மாமி” என்று தொடங்கினேன். சேலைத்துண்டு, மூன்று தண்ணீர், முருங்கைக்காய்ச் சக்கை, கை கழுவினது, பொரிச்ச மீன், எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி மண்வெட்டியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு சொன்னார்.

“முதல் நாளே சொன்னவள் பிள்ளை. மீன் மட்டும் போடாதேங்கோம்மா, மீன் நாத்தம் பட்டா மாடு வாய் வைக்காது எண்டு. அதுதான் நான் செதிலையும் முள்ளையும் அங்காலை புதைச்சனான்.” கிடங்கைப் பார்த்தார். “மாடு செத்தாப்பிறகு அவளுக்கு அதை மாத்திச் சொல்ல வழியில்லை. எங்களிட்டை மீன்தானே நிறையக் கிடந்தது.”

நான் அதை அதுவரை யோசித்திருக்கவில்லை. மாட்டின் பெயரில் அவர் கஞ்சி வாங்கலாம், சோறு வாங்கலாம், புளித்த பருப்பும் வாங்கலாம். எங்களிடம் பெருகிக் கிடந்து, நாங்கள் தின்று சலித்த மீனை மட்டும் அவரால் வாங்கவே முடியாது.

இப்போது நான் வேறொரு ஊரில் இருக்கிறேன். குசினியில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, வாரம் இரண்டு நாள் வண்டி வந்து குப்பையை எடுத்துப் போகிறது. வீணாகும் சாப்பாட்டைப் பற்றி வானொலியில் படித்தவர்கள் கதைக்கிறார்கள். குப்பைமேட்டில் அழுகும் சோறு வானத்தையும் சூடாக்குகிறதாம். அதை விளைவித்த தண்ணீரும் அதைச் சுமந்த கப்பலின் எண்ணெயும் அதோடு சேர்ந்து வீணாகிறதாம். நான் நம்புகிறேன். அந்தக் கிடங்கு நுரை தள்ளியதை என் கண்ணால் கண்டவள் நான். ஆனால் எனக்குப் பயம் வேறு. வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்போது எல்லா வீட்டிலும் மனது ஆறுகிறது. எங்கோ ஒரு மாடு தின்னும் என்று நாங்கள் நினைத்த மாதிரி. யாரும் பின்னால் போய்ப் பட்டியைப் பார்ப்பதில்லை. என் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும். அளந்துதான் உலை வைக்கிறேன். வீட்டில் எனக்குக் கஞ்சப்பிசினாறி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, அதற்கு மறுநாள், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமை தொடங்கியிருந்தது. ஆண்கள் இருவரும் விடியக் களப்புக்குப் போய்விட்டார்கள். முந்தின நாள் கொண்டுவந்த மீனைத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்திருந்தேன். மாமி வழக்கம்போல் உலை வைத்தார், வழக்கம்போல் பங்கை எடுத்தார், மூடி போட்டார், சிலுவை போட்டார். பிறகு பானையை மூலையில் வைக்காமல் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

“மாமி, அவையின்ர பங்கு” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

“தெரியும். நட” என்றார். பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். (ஆண்கள் மறுநாள் மத்தியானம் வந்துசேர்ந்தார்கள், வழக்கமான மீனோடு. ஆனால் அந்த நேரத்தில் அது எங்களுக்குத் தெரியாது.)

நான் பருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டேன். மீன்குழம்பையும் எடுக்கக் கை நீட்டியபோது மாமி தடுத்தார். “மீன் வேண்டாம் பிள்ளை. அதைக் கண்டா அவளுக்கு அண்டைக்கு நடந்த கதைதான் ஞாபகம் வரும். ஒருக்கா நோகப்பண்ணினது போதும்.”

அக்கா முற்றத்தில் காட்டுக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். பெண்பிள்ளைகள் இருவரும் அவருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அடுப்பில் நெருப்பில்லை. மாமி பானையை இறக்கி நிலத்தில் வைத்தார்.

“நாங்க சாப்பிட்டாச்சுங்கம்மா” என்றார் அக்கா, நாங்கள் ஒன்றும் கேட்காமலே.

மாமி அதைக் கேட்காதவர் போல நிலத்தில் இருந்தார். “இது களப்புக்குப் போனவையின்ர பங்கு பிள்ளை. வீட்டு ஆக்கள் தொடக்கூடாது, அது எங்கட முறை. வெளியாக்கள் சாப்பிடலாம். கொட்டத்தான் கூடாது. நான் இவ்வளவு நாளும் கொட்டிப்போட்டன். என்ர மனுசனும் மகனும் அங்க தண்ணிக்குள்ள நிக்கினம். நீங்கள் மூண்டு பேரும் இருந்து சாப்பிட்டீங்களெண்டா எனக்கு மனம் ஆறும். எனக்காகச் செய் பிள்ளை.”

வெளியாட்கள் சாப்பிடலாம் என்று மாமியின் முறையில் ஒன்றும் இருக்கவில்லை. தலையில் பானையோடு நடந்து வரும்போது அதை அவர் உண்டாக்கியிருக்க வேண்டும். அக்கா மாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து மூடியைத் திறந்தார். ஆவி மேலே வந்தது. பருப்புச் சட்டியைப் பார்த்தார். என் வெறுமையான மற்றக் கையையும் பார்த்தார். சின்னவளின் தலையைத் தடவினார்.

“அம்மா,” என்றார். “மீன் இருக்குங்களா? சின்னது அன்னையிலருந்து கேட்டுக்கிட்டே இருக்கு.”

மாமி எழும்பினார். வந்த பாதையில் வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது, மணல் கொதித்தது. அவருடைய செருப்பு அக்காவின் முற்றத்திலேயே கிடந்தது.